மடங்கும் சக்கர விமானத்துக்கு மாறப்போகிறீர்களா? தாள், செலவு, காலம் எல்லாம் சேர்த்து ஒரு வழிகாட்டி

செஸ்னா 172, பைப்பர் ஆர்ச்சர் போன்ற விமானங்களில் சக்கரம் எப்போதும் வெளியேதான் நிற்கும். அவற்றில் உரிமம் வாங்கியவர்கள் பலர் அடுத்ததாக ஏறுவது, சக்கரம் உள்ளே மடங்கும் ஒற்றை எஞ்சின் விமானம். நான் மாறியபோது பட்ட சிரமத்தில் பாதிக்கு மேல் வானத்தில் இல்லை, தரையில்தான். எந்தத் தாளை முதலில் கேட்பது, காப்பீட்டுக்காரர் என்ன எதிர்பார்ப்பார், பயிற்றுநரிடம் எதையெல்லாம் கேட்டுப் படிப்பது என்று எதுவும் தெரியாமல் அலைந்தேன். விசாரித்த இடத்திலெல்லாம், "லீவரைக் கீழே தள்ளு, மூணு பச்சை விளக்கு எரியுதா பாரு, அவ்வளவுதான்" என்றார்கள். அவ்வளவுதான் இல்லை.

லீவர் வேறு, சக்கரம் வேறு. லீவரில் நீங்கள் கொடுப்பது ஓர் உத்தரவு மட்டுமே. அது சுவிட்ச், மோட்டார், பம்ப், குழாய், இணைப்புத் தண்டு, பூட்டு என்று பல கை மாறித்தான் சக்கரத்தைப் போய்ச் சேருகிறது. உங்கள் விமானத்தில் சக்கரத்தை மேலே பிடித்துவைத்திருப்பது எது? கீழே இறங்கியபின் மடங்காமல் பூட்டி நிறுத்துவது எது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்துவிட்டால் அவசரகால முறையும் புரியும், மெக்கானிக் போடும் பில்லும் புரியும். கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். வரிசை மாறினால் பணமும் நாளும் வீணாகும்.

1. அந்த விமானத்தின் கையேட்டையே வாங்குங்கள்

ஒரே மாடல் பெயரில் ஆண்டுக்கு ஆண்டு மாற்றங்கள் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் பொதுவான தகவல் புத்தகம் படிக்க உதவும், பறக்க உதவாது. நீங்கள் ஓட்டப்போகும் விமானத்தின் வரிசை எண்ணுக்கு உரிய கையேட்டின் நகலை உரிமையாளரிடமோ கிளப்பிடமோ கேட்டு வாங்குங்கள்.

ஒன்று முதல் பத்து வரை தலைப்புகள் வகுத்த அமைப்பில் கையேடு இருந்தால், சக்கரத்தைப் பொறுத்தவரை ஐந்து இடங்களைப் பார்த்தால் போதும்: 2ஆம் பிரிவில் வேக வரம்புகள், 3இல் அவசர முறைகள், 4இல் வழக்கமான முறைகள், 7இல் சாதனம் இயங்கும் விதம், 9இல் பின்னால் பொருத்திய உபகரணங்களுக்கான இணைப்புத் தாள்கள். இந்த 9ஆம் பிரிவைத்தான் பலர் திறந்தே பார்ப்பதில்லை. முன்னாள் உரிமையாளர் யாராவது எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தால் அதன் விவரம் அங்கேதான் இருக்கும்.

இன்னொன்று. பழைய விமானங்களில் வேகமானி மணிக்கு இத்தனை மைல் என்று காட்டும். புதியவற்றில் நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) கணக்கு. நாட் கணக்கில் மனப்பாடம் செய்த எண்ணை மைல் காட்டும் முள்ளோடு ஒப்பிட்டால் கணக்கு எல்லாமே பிசகும். இருக்கையில் உட்கார்ந்து முதலில் இதைப் பாருங்கள்.

2. காப்பீட்டுக்காரருக்கும் பயிற்றுநருக்கும் ஒரே நாளில் எழுதுங்கள்

சட்டம் கேட்பது ஒன்று, காப்பீடு கேட்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதுதான் புதியவர்கள் விழும் முதல் பள்ளம்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதிப்படி, மடங்கும் சக்கரம், பிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் தகடு), கோணம் மாற்றக்கூடிய புரொப்பெல்லர் மூன்றும் உள்ள விமானம் 'காம்ப்ளெக்ஸ்' வகை. அதைத் தனியாக ஓட்ட, தரையிலும் வானிலும் பயிற்சி பெற்று, பயிற்றுநரிடம் லாக்புக்கில் (விமானியின் பறப்புப் பதிவேட்டில்) ஒருமுறை ஒப்புதல் வாங்கினால் போதும். இத்தனை மணி நேரம் என்ற வரையறை அந்த ஒப்புதலுக்கு இல்லை. நீங்கள் தயார் என்று பயிற்றுநர் நினைக்க வேண்டும், அவ்வளவே. ஐரோப்பிய விதிகளிலும் இதே சாயல்தான்: மடங்கும் சக்கரத்துக்கென்று வேறுபாட்டுப் பயிற்சி பெற்று, அதைப் பயிற்றுநர் லாக்புக்கில் பதிவுசெய்ய வேண்டும். மற்ற நாடுகளில் உங்கள் விமானப் போக்குவரத்து அமைப்பின் உரிம விதிகளில் இதற்கான பத்தியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

காப்பீடு அப்படியல்ல. அங்கே மணி நேரம்தான் பேசும். மொத்தம் எத்தனை மணி, மடங்கும் சக்கர விமானத்தில் எத்தனை மணி, இதே மாடலில் எத்தனை மணி என்று மூன்றையும் பிரித்துக் கேட்பார்கள். பயிற்றுநரோடு இத்தனை மணி, பிறகு பயணி யாரும் இல்லாமல் தனியாக இத்தனை மணி என்று நிபந்தனை போடுவதும் உண்டு. ஆகவே லாக்புக்கில் இந்த மூன்று கூட்டுத்தொகையையும் தனித்தனியாகப் போட்டு வைத்துக்கொண்டு எழுதுங்கள். பதில் வர நாளாகும். அது வருவதற்குள் பயிற்சிக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

பதிலில் நான்கு விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும். உங்கள் பெயர் பாலிசியில் சேர்ந்துவிட்டதா? உங்களுக்குக் கற்றுத்தரும் பயிற்றுநர் அந்தப் பாலிசியின் நிபந்தனைக்குள் வருகிறாரா? பயிற்றுநருக்கும் இந்த மாடலில் குறைந்தபட்ச மணி நேரம் கேட்பார்கள். அவர் அதில் தேறாவிட்டால் உங்கள் பயிற்சி முழுவதும் காப்பீடு இல்லாமல் நடந்ததாகிவிடும். விமானம் ஓடிக்கொண்டிருக்கும்போது நேரும் சேதத்துக்கு உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும்? சக்கரம் இறக்காமல் தரையிறங்கினால் அதற்குத் தனிக் கணக்கு உண்டா? கிளப் விமானம் என்றால் கடைசி இரண்டும் மிக முக்கியம். கிளப்பின் பாலிசி கிளப்பைத்தான் காக்கும். உங்கள்மீது வரும் தொகைக்கு, வாடகை விமானிகளுக்கான காப்பீடு தனியாகத் தேவைப்படலாம்.

விமானம் கிடைப்பதற்கும் காத்திருக்க வேண்டியிருக்கும். 2018 ஏப்ரலில் எஃப்.ஏ.ஏ., ஒற்றை எஞ்சின் வணிக விமானித் தேர்வுக்குக் காம்ப்ளெக்ஸ் விமானத்தைக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டது. அதன்பின் பயிற்சிப் பள்ளிகளுக்கு இவற்றை வைத்துப் பராமரிக்கும் தேவை குறைந்தது. சிரஸ் எஸ்.ஆர்.22 போல நிலையான சக்கரத்தோடே வேகமாகப் போகும் விமானங்களும் வந்துவிட்டன. பள்ளியில் பைப்பர் ஆரோ போல ஒரே ஒரு மடங்கும் சக்கர விமானம்தான் இருக்கிறது என்றால், அது வருடாந்திர ஆய்வுக்கு எப்போது போகிறது என்று கேட்டுவிட்டு நாள் குறியுங்கள். சக்கரத்தில் கோளாறு கண்டுபிடித்து உதிரிப் பாகத்துக்குக் காத்திருக்க நேர்ந்தால், தொடங்கிய பயிற்சி பாதியில் நின்றுவிடும்.

3. விமானத்துக்கு அடியில் போய்ப் பாருங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். செலவே இல்லாத பயிற்சி. ஆனால் இதில் தெரிந்துகொள்வதுதான் கடைசிவரை கைகொடுக்கும்.

முதலில் பைப்பர் ஆரோ. இதில் மின்மோட்டாரால் ஓடும் ஹைட்ராலிக் பம்ப் ஒன்று இருக்கிறது. மோட்டார் ஒரு திசையில் சுற்றினால் எண்ணெய் சிலிண்டருக்குள் போய்ச் சக்கரங்களை மேலே இழுக்கும். திசை மாற்றிச் சுற்றினால் கீழே தள்ளும். முக்கியமான சங்கதி என்னவென்றால், மேலே போன சக்கரத்தைப் பிடித்துவைக்க ஆரோவில் பூட்டு எதுவும் கிடையாது. எண்ணெயின் அழுத்தம் மட்டும்தான் தாங்கி நிற்கிறது. அழுத்தம் குறைந்தால் பம்ப் தானாக ஓடி மீண்டும் ஏற்றும். அழுத்தம் முழுவதும் போனால் சக்கரம் தன் எடையிலேயே விழும். முன்சக்கரத்தைக் காற்றுக்கு எதிராகத் தள்ள ஸ்பிரிங் துணை உண்டு. கீழே வந்ததும் கொக்கி விழுந்து பூட்டிக்கொள்ளும். அதனால்தான் ஆரோவின் அவசர லீவர் அவ்வளவு எளிமை: ஒரு வால்வைத் திறந்து அழுத்தத்தை விடுவிப்பது மட்டுமே அதன் வேலை.

அடுத்து செஸ்னா 172 ஆர்.ஜி., 182 ஆர்.ஜி. ('ஆர்.ஜி.' என்றால் சக்கரம் மடங்கும் மாடல்). இவற்றிலும் மின்பம்ப்தான், ஹைட்ராலிக்தான். ஆனால் இறக்கை மேலே இருப்பதால் பின்சக்கரக் கால்கள் உடற்பகுதிக்குள் பின்னோக்கி மடங்கிப் போகின்றன. அழுத்தம் போனால் அவை தொங்கும்; ஆனால் தொங்குவதும் இறங்குவதும் ஒன்றல்ல. காற்று பின்னால் தள்ள, அதை மீறி முன்னால் கொண்டுவந்து பூட்ட வேண்டும். புவியீர்ப்பு மட்டும் இதற்குப் போதாது. ஆகவே இரண்டு முன்னிருக்கைகளுக்கு நடுவே ஒரு கைப்பம்ப் வைத்திருக்கிறார்கள். குழாய் உடைந்து எண்ணெய் முழுவதும் வெளியேறிவிட்டால் கைப்பம்பும் வெறும் காற்றைத்தான் அடிக்கும். ஆரோவில் எண்ணெய்க் கசிவு என்றால் சக்கரம் கீழே வரப் பார்க்கும். செஸ்னாவில் அதே கசிவால் சக்கரம் வராமலே போகலாம். இரண்டும் ஹைட்ராலிக்தானே என்று ஒரே தட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

பீச்கிராஃப்ட் பொனான்சாவில் எண்ணெயே இல்லை. ஒரு மின்மோட்டார், ஒரு கியர்பெட்டி, அங்கிருந்து மூன்று சக்கரத்துக்கும் போகும் தண்டுகள். மோட்டார் நின்றால், முன்னிருக்கைகளுக்குப் பின்னால் மூடிக்கு அடியில் இருக்கும் கைப்பிடியை இடஞ்சுழியாக ஏறக்குறைய 50 சுற்றுச் சுற்ற வேண்டும். அந்தக் கைப்பிடியும் அதே கியர்பெட்டியைத்தான் சுற்றுகிறது. கியர்பெட்டியே இறுகிவிட்டால் அதுவும் உதவாது. சுற்றுவதற்கு முன் சக்கர மோட்டாரின் சர்க்கியூட் பிரேக்கரைக் கட்டாயம் இழுத்துவிடுங்கள். பாதியில் மோட்டாருக்கு உயிர் வந்தால் கைப்பிடி உங்கள் கையை ஒடித்துவிடும்.

மூனியில் பழைய மாடல்களுக்கு மோட்டாரும் இல்லை. இருக்கைகளுக்கு நடுவிலிருந்து எழும் நீண்ட தண்டைக் கையால் தூக்கிக் கொக்கியில் மாட்டுவார்கள், அவ்வளவுதான். பிந்தைய மாடல்களில் மின்மோட்டார் வந்தது.

இப்போது டார்ச் எடுத்துக்கொண்டு முன்சக்கரத்தைப் பாருங்கள். காலின் பின்னாலோ முன்னாலோ இரண்டு துண்டாக மடங்கும் ஒரு தாங்குதண்டு இருக்கும். மடக்கு மேசையின் காலை விரிக்கும்போது நடுமூட்டு நேர்கோட்டைச் சற்றுத் தாண்டி 'டக்'கென்று உட்காருமே, அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. நேர்கோட்டைத் தாண்டி உட்கார்ந்துவிட்டால், மேலிருந்து எவ்வளவு எடை வந்தாலும் அது மடங்காது. எடை கூடக்கூட இன்னும் இறுகும். தாண்டாமல் ஒரு மயிரிழை குறைந்து நின்றாலோ, தரை தொட்டதும் மடங்கிவிடும். மூட்டின் போல்ட் துளை தேய்ந்து ஆட்டம் கொடுக்கிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். அருகிலேயே பேனா மூடியளவில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். தண்டு முழுதாக உட்கார்ந்ததும் அதன் நாக்கு அழுந்தும். அப்போதுதான் உங்கள் முன் பச்சை விளக்கு எரியும். அந்த நாக்கில் சேறு அப்பினால் சக்கரம் சரியாகப் பூட்டியிருந்தும் விளக்கு எரியாது.

கடைசியாக, காலில் எடை இருக்கிறதா என்று அறியும் சுவிட்ச். விமானம் தரையில் நிற்கும்போது லீவரை மேலே தள்ளினாலும் சக்கரம் மடங்காமல் தடுப்பது அது. அதை நம்பிச் 'சோதித்துப் பார்க்க' வேண்டாம். ஓட்டத்தில் விமானம் ஒரு மேட்டில் ஏறிக் குதித்தால் காலிலிருந்து எடை ஒரு கணம் நீங்கும். லீவர் மேலே இருந்தால் அந்த ஒரு கணம் போதும்.

4. ஜாக்கில் ஏற்றும் நாளில் கூடவே இருங்கள்

வருடாந்திர ஆய்வின்போது விமானத்தை ஜாக்கில் தூக்கி, சக்கரங்களை மேலும் கீழுமாக இயக்கிப் பார்ப்பார்கள். அந்த நாளை முன்கூட்டியே மெக்கானிக்கிடம் கேட்டு வைத்துக்கொண்டு போய் நில்லுங்கள். இயங்கும்போது கால்கள் பாயும் வேகத்தையும் விசையையும் ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் அதன் பக்கத்தில் கையை நீட்டவே மாட்டார்கள். அவசர முறையில் இறக்கிப் பார்க்கும்போது, அனுமதித்தால் உள்ளே உட்கார்ந்து நீங்களே செய்யுங்கள். கைப்பம்பை எத்தனை முறை அடித்தபின் விறைப்பு வருகிறது, கைப்பிடி எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கை பழகிக்கொள்ளும். வானத்தில், பதற்றத்தில், முதன்முறையாகத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

5. வேகங்களை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்

மூன்று எண்கள். சக்கரத்தை இறக்கலாம் என்ற உச்ச வேகம், ஏற்றலாம் என்ற உச்ச வேகம், இறங்கிப் பூட்டிய நிலையில் பறக்கலாம் என்ற உச்ச வேகம். ஆரோ 3இல் இறக்குவதற்கும் இறங்கிய நிலைக்கும் 129 நாட், ஏற்றுவதற்கு 107 நாட்தான். ஏற்றும் வேகம் ஏன் குறைவு என்றால், காற்றை எதிர்த்துத் தூக்கும் சுமை பம்ப்மீது விழுகிறது. புறப்பட்டபின் மூக்கைத் தாழ்த்தி வேகம் பிடித்துவிட்டு மெதுவாக லீவரை ஏற்றும் பழக்கம் இந்த இடத்தில்தான் இடிக்கும். செஸ்னா 172 ஆர்.ஜி.யில் இயக்க 140, இறங்கியபின் 164.

இந்த எண்களை இங்கே எடுத்துக்காட்டுக்காகத்தான் கொடுக்கிறேன். உங்கள் தாளில் எழுத வேண்டியது உங்கள் கையேட்டில் உள்ள எண்கள்.

6. புறப்படும்போது

சுற்றிப் பார்க்கும்போது சக்கரக் குழிக்குள் குனிந்து பாருங்கள். சிவப்பு நிறத்தில் எண்ணெய் கசிந்த தடம் இருக்கிறதா? ஹைட்ராலிக் எண்ணெய் சிவப்பாக இருக்கும்; எஞ்சின் எண்ணெயோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. அதிர்வு தாங்கும் உருளையின் பளபளப்பான பகுதி எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதும் முக்கியம். காற்றழுத்தம் இறங்கி உட்கார்ந்துபோன கால், எடை அறியும் சுவிட்சை ஏமாற்றும்; மடங்கும்போது குழிக்குள் சரியாகப் பொருந்தாமலும் போகும்.

லீவரை எப்போது ஏற்றுவது? உயரமானி ஏறுவதைக் காட்ட வேண்டும், முன்னால் இறங்குவதற்குப் போதுமான ஓடுபாதை மீதம் இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் ஏற்ற வேண்டும். நீண்ட ஓடுபாதை என்றால் பொறுமையாக இருங்கள். எஞ்சின் திணறினால் சக்கரத்தோடு நேரே இறங்கிக்கொள்ளலாம். ஏற்றியபின் பச்சை அணைந்து, சக்கரம் இன்னும் நகர்கிறது என்று காட்டும் இடைநிலை விளக்கும் அணையும்வரை கண்ணை எடுக்காதீர்கள். ஆரோவில் இதற்கு ஏறக்குறைய 7 வினாடி ஆகும். உங்கள் விமானத்துக்கு எத்தனை வினாடி என்று எண்ணிக்கொண்டே இருங்கள். வழக்கத்தைவிட இழுத்தால் அது மெக்கானிக்குக்குச் சொல்ல வேண்டிய செய்தி. பறக்கும்போது பம்ப் அடிக்கடி ஓடி ஓடி நிற்பதும் அப்படித்தான். எங்கோ அழுத்தம் கசிகிறது.

7. இறங்கும்போது

ஒரே இடம், ஒரே நேரம். ஓடுபாதைக்கு இணையாகப் பறந்து, இறங்குமுனைக்கு நேராக வரும்போது சக்கரத்தை இறக்குவது என்று வைத்தால், எப்போதும் அங்கேயே இறக்குங்கள். கருவிகளின் துணையோடு இறங்கினால், ஓடுபாதைக்குச் சரிந்து இறங்கும் வழியைக் கருவி காட்டும் சறுக்குப் பாதையைப் பிடிக்கும் புள்ளியில். இறங்கியதும் இழுவை கூடி விமானம் வேகம் குறைவதை உடம்பே உணரும். மூக்கு அசைவது, காற்றின் சத்தம் மாறுவது எல்லாம் சேர்ந்து வரும். அது வரவில்லை என்றால் எதுவோ இறங்கவில்லை.

பிறகு ஐந்து அம்சச் சரிபார்ப்பு: எரிபொருள், சக்கரம், எரிபொருள்-காற்றுக் கலவை, புரொப்பெல்லர், பெல்ட். ஆங்கிலத்தில் முதலெழுத்துகளைச் சேர்த்துக் 'கம்ப்ஸ்' என்பார்கள். ஓடுபாதைக்கு இணையாகப் பறக்கும்போது ஒருமுறை, அதை நோக்கிப் பக்கவாட்டில் திரும்பியதும் ஒருமுறை, இறுதி நேர்கோட்டில் ஒருமுறை. வாய்விட்டுச் சொல்லுங்கள், விரலால் விளக்கைத் தொட்டுச் சொல்லுங்கள். நிலையான சக்கர விமானத்திலேயே இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவிட்டால் மாறும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

சக்கரத்தை மறந்து இறங்குவது சோம்பேறிகளுக்கும் புதியவர்களுக்கும் மட்டும் நேரும் விபத்து இல்லை. வழக்கம் குலையும்போது நேர்கிறது. கட்டுப்பாட்டுக் கோபுரம் திடீரென்று ஓடுபாதையை மாற்றச் சொல்லும், முன்னால் மெதுவான விமானம் வரும், சுற்றிவர வேண்டியிருக்கும், வேகம் கூடுதலாக இருக்கிறதே, கொஞ்சம் குறையட்டும் என்று சக்கரத்தைத் தள்ளிப்போடுவீர்கள். இப்படி ஏதாவது குறுக்கே வந்தால் பட்டியலை முதலிலிருந்து தொடங்குங்கள். "விட்ட இடத்திலிருந்து" வேண்டாம்.

எச்சரிக்கை ஒலியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஆரோவில், சக்கரம் மேலே இருக்க எஞ்சின் உள்ளிழுப்பு அழுத்தம் ஏறக்குறைய 14 அங்குலப் பாதரச அளவுக்குக் கீழே போனால் அது ஒலிக்கும். எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டே இறங்கினால் கடைசிக் கணம் வரை ஒலிக்காமலே இருக்கலாம். ஒலித்தாலும், விமானம் நிலைகுலையும் எச்சரிக்கை என்று எண்ணி எஞ்சின் விசையைக் கூட்டிவிட்டால் அடங்கிவிடும். இரண்டு ஒலியையும் பயிற்றுநரிடம் சொல்லித் தனித்தனியே கேட்டுப் பழகுங்கள்.

தரை தொட்டபின் ஓடுபாதையை விட்டு வெளியே வந்து நிற்கும்வரை எந்த லீவரையும் தொடாதீர்கள். ஓடும்போதே பிளாப்பை ஏற்றப்போய்ச் சக்கர லீவரைத் தூக்கியவர்கள் ஏராளம். பழைய பீச்கிராஃப்ட் பொனான்சா, பேரன் (Baron) விமானங்களில் இரண்டு சுவிட்சும் மற்ற விமானங்களுக்கு நேர்மாறான இடத்தில் இருக்கும். இந்தக் குழப்பத்தால் நேர்ந்த விபத்துகளைப் பற்றி அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1980இல் தனி அறிக்கையே வெளியிட்டது. சக்கர லீவரின் தலை சக்கர வடிவிலும் பிளாப் லீவரின் தலை இறக்கை வடிவிலும் இருப்பது இதற்காகத்தான். பார்க்காமல் தொட்டாலும் விரலுக்குத் தெரிய வேண்டும்.

8. பச்சை விளக்கு எரியாவிட்டால்

உடனே அவசர லீவரைப் பிடிக்காதீர்கள். எரிபொருள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஓடுபாதையைச் சுற்றிப் பறக்கும் பாதையிலிருந்து விலகி, பாதுகாப்பான உயரத்துக்கு ஏறி, கையேட்டின் 3ஆம் பிரிவைத் திறந்து வையுங்கள். கோபுரம் இருந்தால் சொல்லிவிடுங்கள்.

முதல் சந்தேகம் விளக்கின்மேல்தான் விழ வேண்டும். ஆரோவில் இரவு விளக்குகளுக்கான சுவிட்ச் போட்டிருந்தால் பச்சை விளக்குகள் தாமாகவே மங்கிவிடும். இருட்டில் கண்ணைக் கூசாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. பட்டப்பகலில் வெயில் அடிக்கும் பலகையில் அணைந்ததுபோலவே தெரியும். அந்தச் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் எரியவில்லை என்றால், எரியும் பல்பைக் கழற்றி அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். பிறகு சர்க்கியூட் பிரேக்கர்கள். பம்ப்புக்கு ஒன்று, கட்டுப்பாட்டுக்கு ஒன்று என இரண்டு இருக்கும். இரண்டும் எந்த இடத்தில் என்று தரையிலேயே கண்டுபிடித்து வைத்திருங்கள்.

இவற்றில் தீராவிட்டால்தான் அவசர முறை. ஆரோ 3இல் வேகத்தை 87 நாட்டுக்குக் கீழே குறைத்து, லீவர் கீழே இருப்பதை உறுதிசெய்துகொண்டு, அவசர லீவரைப் பிடித்திருக்க வேண்டும். வேகத்தைக் குறைப்பது காற்றின் எதிர்ப்பைக் குறைப்பதற்காக. பூட்டவில்லை என்று தோன்றினால் சுக்கான் மிதியை இடமும் வலமுமாக வெடுக்கென்று மிதித்து விமானத்தை ஆட்டச் சொல்கிறது கையேடு. கொக்கி விழ அந்த உலுக்கல் உதவும். மூன்று பச்சையும் வந்துவிட்டால் லீவரை மீண்டும் மேலே ஏற்றிப் 'பார்க்க' வேண்டாம். இறங்கியதை அப்படியே விட்டுவிட்டு வந்து சேருங்கள்.

எதுவும் பலிக்காவிட்டால், அகலமான, அவசர உதவி உள்ள ஓடுபாதையைத் தேர்ந்தெடுத்து, வழக்கமான வேகத்தில், மெதுவாக வயிற்றில் இறக்குங்கள். புரொப்பெல்லரைக் காப்பாற்றுவதற்காக உயரத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, ஓடுபாதைக்கு எட்டாமல் விழுந்துவிடாதீர்கள். உலோகத்துக்குக் காப்பீடு இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் நடந்து வெளியே வர வேண்டும்.

9. சொந்தமாக வாங்குவதென்றால்

பழைய மடங்கும் சக்கர விமானங்களின் விலை, அவை தரும் வேகத்தோடு ஒப்பிட்டால் கவர்ச்சியாகத் தெரியும். வருடாந்திர ஆய்வின் பில் வரும்போதுதான் மீதி தெரியும். ஜாக்கில் ஏற்றுவது, மூட்டுகளுக்குக் கிரீஸ், சுவிட்சுகளைச் சரிசெய்வது, தண்டுகளின் இறுக்கத்தை அளப்பது என்று நிலையான சக்கர விமானத்துக்கு இல்லாத கூலி மணிகள் ஒவ்வோர் ஆண்டும் சேரும். குழாய்கள், சீல்கள், பூட்டு ஸ்பிரிங்குகள் எல்லாம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியவை. சில மாடல்களுக்குக் கியர்பெட்டி, மோட்டார் உதிரிகள் கிடைப்பதே அரிது. வாங்குவதற்கு முன் அந்த மாடலை வைத்திருப்பவர்களின் சங்கத்தில் விசாரியுங்கள்.

பதிவேடுகளில் தேட வேண்டியது: புரொப்பெல்லர் ஏன் மாற்றப்பட்டது? வயிற்றுத் தகடுகள் ஏன் புதிதாக இருக்கின்றன? இந்த இரண்டும் ஒரே தேதியில் இருந்தால், விமானம் ஒருமுறை சக்கரம் இல்லாமல் இறங்கியிருக்கிறது. அதனாலேயே அதை ஒதுக்க வேண்டியதில்லை; ஒழுங்காகப் பழுதுபார்த்திருந்தால் நல்ல விமானம்தான். ஆனால் எஞ்சினைப் பிரித்துப் பார்த்த பதிவு இருக்க வேண்டும். ஓடும் எஞ்சினின் புரொப்பெல்லர் தரையில் இடித்தால் அந்த அதிர்ச்சி எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் தண்டு வரை போகும். லைகாமிங் எஞ்சின்களில் அப்படி இடித்தபின் கிராங்க் தண்டின் கியரையும் அதன் பிணைப்பையும் ஆய்ந்தே ஆக வேண்டும் என்று எஃப்.ஏ.ஏ.வின் 2004-10-14 எண்ணுள்ள ஆணை சொல்கிறது. பதிவேட்டில் அது இல்லையென்றால் விலை பேச வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

வாங்கும் முன்னான ஆய்வை, விற்பவரின் மெக்கானிக் அல்லாத ஒருவரிடம் கொடுங்கள். ஜாக்கில் ஏற்றி இயக்கிப் பார்ப்பதும் அவசர முறையில் இறக்கிப் பார்ப்பதும் அதில் சேர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கூலி கூடும் என்பார்கள், கூடட்டும். விற்பவர் இதற்குத் தயங்கினால் அதுவே பதில். ஜாக் வசதி எல்லாப் பட்டறையிலும் இருக்காது. முன்பணம் கொடுக்கும்போதே ஆய்வுக்கான காலத்தையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

முதல் ஆண்டுக்குச் செலவுக் கணக்குப் போடும்போது, பயிற்றுநரோடு அவசர முறையில் சக்கரம் இறக்கும் பயிற்சிக்கென்று ஒரு தனி நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டு ஆய்வு முடிந்து விமானம் வெளியே வந்ததும் அதைச் செய்வது நல்லது. சமீபத்தில்தான் எல்லாவற்றையும் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஏதாவது சரியாக உட்காராமல் இருந்தால், பகல் வெளிச்சத்தில், நிறைய எரிபொருளோடு, பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.